சலேத்தம்மாள் கேட்ட தண்ணீர்

சலேத்தம்மாள் செபம் செய்தால் நடக்கும் என்று நொச்சிக்குடிக்காட்டில் ஒரு பேச்சு இருந்தது. அது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காணாமல் போன செம்மறிக் கிடா, அவள் செபமாலை சொல்லி முடிப்பதற்குள் தானாக வந்து பட்டியில் நின்றது என்பார் ஒருவர். வைத்திலிங்கம் மகளுக்குத் தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடந்தபோது, சலேத்தம்மாள் கோயில் எண்ணெயைத் தொட்டு வயிற்றில் சிலுவை போட்டாள், பிள்ளை திரும்பிவிட்டது என்பார் இன்னொருவர். கிடாவுக்குப் பசித்தால் பட்டிக்கு வரத்தான் செய்யும். பிள்ளையும் திரும்புகிற நேரத்தில் திரும்பும். ஆனால் அப்படிச் சொன்னால் ஊருக்கு ருசிக்குமா?

அவளுக்கே அந்தப் பேச்சில் கொஞ்சம் மயக்கம் உண்டு. "நான் என்னாத்தக் கண்டேன், எல்லாம் மாதா செயல்" என்பாள். சொல்லும்போதே முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொள்வாள்.

பிறந்தது அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு கிறிஸ்தவ ஊர். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவளைப் பெரம்பலூர்ப் பக்கம், குரும்பலூருக்கு மேற்கே, மண்வெட்டி போட்டால் பாறை பதில் சொல்லும் காட்டில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். புருசன் சந்தியாகு நல்ல உழைப்பாளி, கெட்ட பிடிவாதக்காரர். பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் அவர்கள் இருவரும் ஒரு சோடி மாடும்தான். நொச்சிக்குடிக்காட்டில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். வரப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சந்தியாகு காட்டுக்குக் கிழக்கே ஒரே ஒரு வரப்பு தாண்டினால் ராசாங்கத்தின் காடு. ராசாங்கத்தின் பெண்சாதி கொளஞ்சியம்மாள், சலேத்தம்மாளுக்குக் கூடப் பிறக்காத தங்கை.

சுதந்திரம் வந்த வருசம் குரும்பலூரில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மழைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. அதற்கு முந்தின வருசமும் பொய்த்தது, அடுத்த வருசமும் பொய்த்தது. சந்தியாகுவின் கிணறு வற்றி, அடியில் தவளைக்குக்கூடக் காணாத ஈரம் மட்டும் கிடந்தது. ராசாங்கத்தின் கிணறு மட்டும் தாக்குப்பிடித்தது. அந்த வறட்சி முழுக்கச் சலேத்தம்மாள் வீட்டு உலை கொதித்தது கொளஞ்சியம்மாள் கிணற்றுத் தண்ணீரில்தான். ஒருநாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை. "குடத்தக் கீழ வச்சிட்டு ஒக்காருக்கா, நான் எறைச்சுத் தரேன்" என்பாள்.

வாங்கிக் குடிப்பவளுக்கு ஒரு வெட்கம் இருக்கும், கொடுப்பவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும். அந்த வெட்கத்தில்தான் சலேத்தம்மாள் மாதா முன்னால் முழங்கால் போட்டாள். "தாயே, எங்க கெணத்துல தண்ணி குடு. ஒன் திருநாளுக்கு ஊருக்கே சோறு போடறேன்." தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

சந்தியாகு ரஞ்சன்குடியிலிருந்து சாமிக்கண்ணுவை அழைத்து வந்தார். கிணற்றடியில் இறங்கி, பாறையில் கம்பியால் துளை போட்டு, மருந்து கெட்டித்து வெடி வைப்பது அவர் வேலை. வெடித்தார், கல்லை அள்ளினார், மறுபடி வெடித்தார். ஒன்றுமில்லை. சலேத்தம்மாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள், செபமாலை மணி தேயத் தேய உருட்டினாள். ஒரு வெடிக்குப் பிறகு கிணற்றுக்குள் இறங்கிய சாமிக்கண்ணுவின் குரல் கேட்டது.

"வந்துட்டுது! கெழக்காலப் பாறை வெடிச்சு ஊத்து பீச்சுதுங்க! கவுத்த வுடுங்க, என்னைத் தூக்குங்க!"

பெண்கள் குலவை போட்டார்கள். சந்தியாகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முதல் வாளி மேலே வந்ததும் சலேத்தம்மாள் கை நிறைய அள்ளி, சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாள்.

குடித்தவள் அப்படியே நின்றாள்.

அவர்கள் கிணற்றுத் தண்ணீர் எப்போதும் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது. இது அந்தத் தண்ணீர் இல்லை. தொண்டையில் இறங்கிய பிறகு ஒரு குளிர்ச்சி, நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தது போல. கிழக்கே, வரப்புக்கு அந்தப்புறம், இந்தத் தண்ணீரைத்தான் அவள் குடம் குடமாகச் சுமந்துவந்து குடித்திருக்கிறாள். இதை அவள் நாக்குக்குத் தெரியாதா?

"என்னா அப்படியே நிக்கற? தண்ணி எப்படி இருக்கு?" என்றார் சந்தியாகு.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இவளுக்குக் கிணறு வெட்டத் தண்ணீரே கிளம்பியது, அதுதான் பூதமாகிவிட்டது.

சொன்னபடி திருநாளன்று ஊருக்கே சோறு போட்டார்கள். மாதா கோயில்காரர்களும் வந்தார்கள், மாரியம்மன் கோயில்காரர்களும் வந்தார்கள். சோற்றுக்கு முன்னால் எல்லாச் சாமியும் ஒன்றுதான். உபதேசியார் ஞானப்பிரகாசம், சாமியார் வராத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்பவர், எழுந்து நின்று, இது புதுமை, மாதா செய்த புதுமை என்று தொண்டை கட்டும்வரை பேசினார். வைத்திலிங்கத்தின் மகள் தன் பிள்ளைக்கு மூன்று மிடறு புகட்டினாள். காய்ச்சல்காரர்களுக்கும் மாட்டுக்கும்கூட 'மாதா தண்ணி' என்று எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

கொளஞ்சியம்மாளுக்குச் சலேத்தம்மாளே தம்ளரில் தண்ணீர் வார்த்தாள். அவள் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். விழுங்கினாள். தம்ளரை இறக்கி, சலேத்தம்மாளை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்ல தண்ணிக்கா" என்றாள். மீதித் தண்ணீரை அவள் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சலேத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வரப்பைத் தாண்டிப்போய் ராசாங்கத்தின் கிணற்றை எட்டிப்பார்ப்பாள். தண்ணீர் ஒரு படி இறங்கியிருக்கும். மறுபடி போவாள், இன்னும் ஒரு படி. வெயிலுக்குத்தான் இறங்குகிறது, போன கோடையிலும் இறங்கியதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிறகு ஒரு காலையில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது ராசாங்கம் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. மாடு இறங்கும் சத்தம், உருளை கிறீச்சிடும் சத்தம், அதன் கூடவே புதிதாக ஒன்று: தோல் சால் தண்ணீரில் விழாமல் பாறையில் உரசும் சத்தம். கையிலிருந்த ஊதுகுழலை அவள் கீழே வைத்துவிட்டாள்.

சந்தியாகு சாப்பிட வந்ததும் சொன்னாள். "ஏங்க, ராசாங்கம் கெணறு வத்திப்போச்சு. நம்ம வெடிதாங்க அந்த ஊத்தத் தெறந்துவுட்டுடுச்சு. எனக்குத் தண்ணி ருசியிலயே தெரிஞ்சுபோச்சு."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "பாறைக்குள்ள போற தண்ணிக்குப் பேரா எழுதி வச்சிருக்கு?"

"இல்லீங்க..."

"நீதானே ஒருசந்தி இருந்து கேட்ட? மாதா குடுத்துட்டா. குடுத்தவ கையப் புடிச்சு, எங்கேருந்து எடுத்தேன்னு கேப்பியா? வெளியில போயி ஒளறி வைக்காத. ஊரு சிரிக்கும், மாதாவுக்கும் அவமானம்."

கடைசியாகச் சொன்னதுதான் அவள் வாயைக் கட்டியது. புருசனை எதிர்த்து அவள் பேசியதுண்டு. மாதாவை எப்படித் திருடி என்று சொல்வது? இதற்கிடையில் உபதேசியாருக்கு வேறு ஒரு யோசனை பிறந்துவிட்டது. கிணற்றுமேட்டில் சிலுவை நட்டு ஒரு குருசடி கட்டவேண்டுமாம். அடுத்தமுறை சாமியார் வரும்போது அவர் கையால் மந்திரித்துக் குருசை நடவேண்டுமாம். அதன் பிறகு இது சந்தியாகு கிணறு இல்லையாம், மாதா கிணறாம். மேலே குருசு நின்றுவிட்டால் கீழே இருப்பதைப் பற்றி எந்த மனுசன் வாய் திறப்பான்?

குடிக்கிற தண்ணீருக்குக் கொளஞ்சியம்மாள் இப்போது குடத்தோடு இங்கே வந்தாள். சலேத்தம்மாள் ஓடிப்போய் இறைத்துக் கொடுப்பாள், வேண்டியதற்கு மேலும் கொடுப்பாள். ஆனால் குடத்துத் தண்ணீர் மிளகாய்ச் செடிக்கு எட்டுமா? வரப்புக்கு அந்தப்புறம் செடிகள் தலை தொங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள் கொளஞ்சியம்மாள் குடத்தைத் தூக்காமல் நின்றாள்.

"அக்கா, நீ கேட்டா நடக்குமுன்னு ஊரே சொல்லுது. எங்க கெணத்துக்காக ஒங்க மாதாகிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

கேட்டுவிட்டு முகத்தையே பார்த்தாள். சலேத்தம்மாள் கயிற்றைச் சுருட்டினாள், சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

"கேக்கறேன் கொளஞ்சி. இன்னைக்கே கேக்கறேன்."

"அவ்வளவுதானாக்கா?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அன்று மாலையே சலேத்தம்மாள் கோயிலுக்குப் போனாள். முழங்கால் போட்டாள். 'மாதாவே, கொளஞ்சி கெணத்துல' என்று தொடங்கியதுமே நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டால் நடந்துவிடுமே! அங்கே ஊறவேண்டுமென்றால் எங்கிருந்து ஊறும்? இங்கிருந்துதான். சந்தியாகு நட்டிருக்கும் வெங்காயம் கண்முன் வந்தது. வருசக் கணக்கில் அவர் முகத்தில் காணாத சிரிப்பு வந்தது. உதடு ஒன்றைச் சொல்ல, நெஞ்சு 'வேண்டாம், வேண்டாம்' என்று அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டது. சர்வேசுரன் உதட்டைக் கேட்பாரா, நெஞ்சைக் கேட்பாரா என்று தெரியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இப்படி ஒரு செபத்தை அவள் அதுவரை செய்ததில்லை.

நெஞ்சைத்தான் கேட்டார்போலும். ராசாங்கத்தின் கிணறு ஊறவில்லை.

ராசாங்கம் சும்மா உட்காரும் ஆள் இல்லை. "அவங்களுக்கு ஆழத்துல கெடைச்சிருக்கு. நமக்கும் கீழதான் இருக்கும்" என்று கணக்குப் போட்டான். கணக்கு நியாயமானதுதான், தெரியவேண்டிய ஒன்று தெரியாதவனுக்கு. துளை போடும் கம்பியைச் சந்தியாகுவிடமே வந்து கேட்டான். சந்தியாகு கம்பியோடு மீதியிருந்த வெடிமருந்தையும் எடுத்துக் கொடுத்தார். குற்றமுள்ள கைக்குத் தாராளம் அதிகம். சாமிக்கண்ணுவை அழைக்க வழியில்லாமல் ராசாங்கம் தானே இறங்கினான். கொளஞ்சியம்மாளின் தம்பி முருகையன் மேலே கயிறு பிடித்தான்.

அந்தக் கிணற்றின் மேல்பாதி வெறும் சுக்கான் கல். ஒவ்வொரு வெடிக்கும் பொலபொலவென்று உதிரும். வெடிச் சத்தம் கேட்டால் சலேத்தம்மாள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ராசாங்கத்தின் தலை வெளியே தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். இல்லாத தண்ணீருக்காக ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். நாலடி நடந்துபோய், 'தம்பி, ஏறி வா, அங்க ஊத்து இல்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நாலடி அவளால் நடக்க முடியவில்லை. கோயிலுக்குப் போகிற தூரத்தை மட்டும் ஓட்டமாய் ஓடினாள்.

"மாதாவே, ராசாங்கத்த அந்தக் கெணத்துல எறங்கவுடாத. எப்படியாவது நிறுத்திடு தாயே. எப்படியாவது."

இந்தத் தடவை உதடும் நெஞ்சும் ஒன்றாகவே இருந்தன.

மறுநாள் முற்பகலில் பக்கச்சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. தலையில் விழுந்திருந்தால் கதையே முடிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே விழுந்தது. முருகையன் போட்ட கூச்சலில் ஊரே கூடி, ராசாங்கத்தைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து மேலே தூக்கினார்கள். கால் போகவேண்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் தொங்கியது. எலும்பு கட்டுகிறவரிடம் வண்டியில் கொண்டுபோனார்கள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, கட்டுப் பிரித்தாலும் கால் பழையபடி நேராகாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்.

ராசாங்கம் இனிக் கிணற்றில் இறங்கமாட்டான். அவள் கேட்டது அப்படியே நடந்துவிட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் வாய்விட்டு அலறவும் முடியாமல் சலேத்தம்மாள் வீட்டுக்குள் அடைந்தாள். செபமாலையைக் கழற்றிப் பரணில் வைத்தாள். யாராவது தும்மினால் 'சேசு மரி சூசை' என்று சின்னச் செபம் வாயில் வரும். வருவதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். தன் வாயிலிருந்து புறப்பட்டு மேலே போகிற எதுவும் யார் தலையில் எப்படி வந்து இறங்குமோ என்ற திகில். "எங்க மாட்டுக்கு ஒரு செபம் சொல்லேன்" என்று வந்த ஒருத்தியை, "போடி! மாடு உசுரோட இருக்கட்டும்" என்று விரட்டினாள். வந்தவள் இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அவளைத் தின்ற கேள்வி ஒன்றுதான். கேட்டதைக் கொடுத்தது சர்வேசுரனா, இல்லை கேட்கிறவளை வைத்து வேறு எதுவோ விளையாடுகிறதா? இறைச்சி வேண்டுமென்று வனாந்தரத்தில் அழுதவர்களுக்கு இறைச்சி கிடைத்து, அது பல்லில் இருக்கும்போதே வாதையும் வந்தது என்று சின்ன வயசில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள். அந்த வாதை கேட்டவர்களுக்கு வந்தது. இங்கே கேட்டவள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள், கேட்காதவன் கால் ஒடிந்து கிடக்கிறான். இது என்ன நியாயம்?

குருசு நடும் ஞாயிறு வந்தது. பெரம்பலூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் சாமியார். வயசு குறைந்தவர், குருப்பட்டம் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம், ஒவ்வொருவராகப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லவேண்டும். பூசை முடிந்ததும் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு கிணற்றுக்குப் போகவேண்டும். சலேத்தம்மாள் வரிசையில் கடைசியாக நின்று, முறை வந்ததும் முழங்கால் போட்டாள்.

"என்ன பாவம் செஞ்சீங்க?" என்றார் சாமியார் மறைப்புத் தட்டிக்கு அந்தப்புறமிருந்து.

"செபம் பண்ணினேன் சாமி."

"அது பாவமில்லையே அம்மா."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். தண்ணீர் ருசியை, சால் உரசின சத்தத்தை, பாதியில் எழுந்துவந்ததை, 'எப்படியாவது' என்று கேட்டதை. "என் செபந்தான் சாமி அவன் கால ஒடைச்சுது."

"ஆண்டவர் யாருக்கும் கெடுதி செய்யமாட்டாரு."

"அப்ப செஞ்சது யாரு சாமி?"

படித்த படிப்பில் அதற்கு விடை இருந்திருக்கும். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் அதை ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், ஏதோ விவரம் விட்டுப்போனதைக் கேட்பவர் போல.

"அவங்க கிணத்துல ஊத்து இல்லைன்னு யார்கிட்ட சொன்னீங்க?"

"மாதாகிட்ட சொன்னேன்."

"மாதாவுக்குத் தெரியாதா?"

சலேத்தம்மாள் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தவளிடமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தெரியாமல் கிணற்றில் இறங்கினவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுசனிடம் பேசவேண்டியதையெல்லாம் சாமியிடம் பேசிவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். சாமியார் பாவத்துக்கு அபராதம் சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பூசை மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போக, அவள் மட்டும் வெளியே வந்து வரப்பு வழியாக நடந்தாள்.

கொளஞ்சியம்மாள் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொளஞ்சி, எங்க கெணத்துல இருக்கறது ஒன் தண்ணி. எங்க வெடி ஒன் ஊத்த ஒடைச்சு இந்தப் பக்கம் திருப்பிடுச்சு. முத வாய் குடிச்சப்பவே எனக்குத் தெரியும்."

முறம் நின்றது. கொளஞ்சியம்மாள் நிமிரவில்லை.

"எனக்கும் முத வாய்லயே தெரியும்க்கா. நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து குடிக்கிற தண்ணி."

"தெரியுமா? தெரிஞ்சுமா அவர எறங்கவுட்ட?"

"வேற என்னா பண்றது? ஊரே சாமி குடுத்துதுன்னு சொல்லுது. நான் சொன்னா இவரு அருவாளத் தூக்கிக்கிட்டு வருவாரு. ரெண்டு வூட்டுலயும் ரத்தம் பாத்திருக்கும். நீ சொன்னாதான்க்கா அது பேச்சு. அதுக்குத்தான் ஒன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். மாதாகிட்ட கேளுன்னு அன்னைக்கு வந்து நின்னேனே, எதுக்குன்னு நெனச்ச? அப்பவாவது சொல்லுவேன்னு நின்னேன். நீ சரி, கேக்கறேன்னுட்ட."

முறத்தைக் கவிழ்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சலேத்தம்மாளுக்கு அழவும் தைரியமில்லை. தன் பங்குக்குக் கொளஞ்சியும் வாயை மூடிக்கொண்டிருந்தாளே என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதை மிதித்துப் போட்டாள். கொடுத்தே பழகியவளை ஊமையாக்கியது தான்தானே?

"அவருகிட்ட நீயே சொல்லிடு" என்றாள் கொளஞ்சியம்மாள் கடைசியில்.

ராசாங்கம் உள்ளே கட்டிலில் கிடந்தான். சலேத்தம்மாள் நின்றுகொண்டே சொன்னாள். அவன் கத்துவான், கையில் கிடைத்ததை எறிவான் என்று எதிர்பார்த்தாள். எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் வெட்டுனதெல்லாம்?" என்றான்.

"வெறும் பாறைதான் தம்பி."

கால் ஒடிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மனுசன், அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் கிளம்பியது. குருசைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் கிணற்றுக்கு வந்து சேர்ந்தபோது மேட்டில் சலேத்தம்மாளும் கொளஞ்சியம்மாளும் நின்றிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சலேத்தம்மாள் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. "பைத்தியம் புடிச்சிருக்கு இவளுக்கு!" என்று சந்தியாகு பாய்ந்து வந்தார். உபதேசியார் அழுதுவிடுவார் போலிருந்தது. எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய புதுமை! இளஞ்சாமியார்தான் குருசைக் கீழே சாய்த்துவைக்கச் சொன்னார். "முதல்ல வரப்புக்காரங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. குருசுக்கு அவசரமில்ல" என்று கோயிலுக்குத் திரும்பிச் சைக்கிளை எடுத்தார்.

பேசி முடிப்பது லேசில் ஆகவில்லை. சந்தியாகு அவளோடு பேச்சை நிறுத்தினார், அவள் வைத்த சோற்றை மட்டும் சாப்பிட்டார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, கிணற்றில் பாதி ராசாங்கத்துக்குப் பங்கு, நாள் விட்டு நாள் முறைத் தண்ணீர் என்று தீர்த்தார்கள். வெங்காயம் பாதி காய்ந்தது, மிளகாய் பாதி பிழைத்தது. ராசாங்கத்தின் முறை வரும் நாளில் கமலை ஓட்ட ஆள் வேண்டுமே. சலேத்தம்மாள் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, தன் வீட்டு மாட்டைப் பூட்டித் தானே ஓட்டினாள். பெண்பிள்ளை கமலை ஓட்டுவதா என்று ஊர் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

கட்டுப் பிரித்த பிறகு ராசாங்கம் கம்பு ஊன்றி நடந்தான். கால் வளைந்துதான் இருந்தது. மழைக்காற்று அடித்தால் வலியில் துடிப்பான். சலேத்தம்மாள் பரணிலிருந்து செபமாலையை எடுத்துவிட்டாள், கோயிலுக்கும் போனாள். நன்றி சொல்வாள், மன்னிப்புக் கேட்பாள். வேறு எதையும் கேட்கமாட்டாள். உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ராசாங்கத்தின் கால் நேராக வேண்டும். அதை மட்டும் கேட்க அவளுக்கு வாய் வரவே இல்லை. கேட்டு, கிடைத்து, அது எவன் தலையில் போய் விடியுமோ?

ஒரு மத்தியானம் மாட்டை அவிழ்த்துவிட்டு இருவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தபோது கொளஞ்சியம்மாள் கேட்டாள். "அக்கா, இவரு காலுக்காக ஒரு தடவ கேளேன். ராத்திரியெல்லாம் மொனகறாரு."

சலேத்தம்மாளின் முகம் வெளுத்தது. "என்னால முடியாது கொளஞ்சி. என் வாய நம்பாத. நான் கேட்டு நடந்ததெல்லாம் பாத்தில்ல?"

கொளஞ்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். அவளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்துத் திரும்பி, தனக்குத் தெரிந்த மட்டில் கைகூப்பினாள்.

"மாதா தாயே, ஒனக்கு என்னைத் தெரியாது, நான் மாரியம்மா கோயிலுக்குப் போறவ. எம் புருசன் காலச் சரி பண்ணிக் குடு. ஆனா வேற யாரு காலையும் எடுத்து இவருக்குக் குடுத்துடாத. இருக்கறதையே வலியில்லாம ஆக்கிக் குடு, போதும்."

சலேத்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆமென்" என்றாள்.